வாரச் சமையல் அட்டவணை: இரண்டு வருட உபயோகத்துக்குப் பிறகு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலில் இறங்கி, மீன் விலையும் கொஞ்சம் இறங்கியதும் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வாரம் முழுக்க என்ன சமையல் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் மளிகைச் செலவு குறையுமா? குறையும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அந்த ஏழு நாள், மூன்று வேளை, 21 கட்டத்தில் மீன் என்று எழுதிய கட்டத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

முதலில் நியாயமாக, நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காய்கறியில் இந்த முறை கைமேல் பலன் தரும். நம் ராமநாதபுரம் கரைக்குக் காய் பெரும்பாலும் மதுரைப் பக்கமிருந்து லாரியில் வருகிறது. வரும்போதே பாதி வாடியிருக்கும், உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை வாங்கினால் செலவழிக்கும் வரிசைதான் முக்கியம். கீரை, வெண்டை முதல் இரண்டு நாள். கத்தரி, அவரை, புடலை மூன்றாவது நான்காவது நாள். பூசணி, சேனை, உருளை வாரக் கடைசிக்கு. இந்த வரிசையை மாற்றிச் சமைத்தால் வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போவது வெண்டைக்காய் மட்டுமில்லை, மிச்சம் பிடித்த காசும்தான்.

தேங்காயும் அப்படித்தான். உடைத்த மூடி இந்த வெக்கையில் மறுநாளே வழுவழுப்பாகிவிடும். காலைச் சட்னிக்கு ஒரு மூடி என்றால் மதியக் குழம்புக்கோ பொரியலுக்கோ அடுத்த மூடி என்று ஒரே நாளில் ஜோடி சேர்க்க வேண்டும். மறுநாள் தேங்காயே வேண்டாம், ரசமும் துவையலும் போதும். மாவு விஷயத்தில் இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் எல்லாம் நான்கு நாள் இட்லி என்று எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் ஆறு ஏழு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும் ஊரில் அது நடக்காது. இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, நான்காம் நாள் சின்ன வெங்காயம் போட்டுப் பணியாரம். அதற்கு மேல் வைத்தால் புளிப்புதான்.

ரேஷன் கணக்கையும் அட்டவணையோடு சேர்த்துவிட்டால் மாதத் தொடக்கத்திலேயே பாதிச் சுமை குறையும். இலவச அரிசி இட்லிக்கும் சோற்றுக்கும் போகும். 30 ரூபாய்த் துவரம்பருப்பு ஒரு கிலோ, 25 ரூபாய்ப் பாமாயில் ஒரு லிட்டர். பருப்பு மாதத்தில் எந்த வாரம் வரும் என்று உறுதியில்லாததால் சாம்பார் நாட்களை மாத முதல் வாரத்தில் குவிக்காதீர்கள். போன மாதப் பருப்பில் கால் கிலோ எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

மிளகாய் வத்தலை வருடத்துக்கு ஒருமுறை, புது வரத்து வரும் கோடையில் வாங்குவதே லாபம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய் இருக்கும்போது வேறு எங்கே போவது? காம்போடு வைத்தால்தான் கெடாமல் இருக்கும். அரைக்கும்போது கிள்ளிக்கொள்ளலாம். குழம்புத் தூளுக்கு அரைக் கிலோ வத்தல், ஒரு கிலோ மல்லி, நூறு கிராம் சீரகம், ஐம்பது மிளகு, ஐம்பது விரலி மஞ்சள், இருபத்தைந்து வெந்தயம். இரண்டு நாள் காயவைத்து மில்லில் அரைத்து, சூடு ஆறிய பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டிபிடித்து, ஐப்பசியில் வண்டு குடியேறிவிடும்.

இனி மீன். அட்டவணைக்காரர்கள் "புதன்: மீன் குழம்பு" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் புதன்கிழமை கடலுக்குத் தெரியுமா? ராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மீன் கரைக்கு வருவது மறுநாள் காலை. அதாவது செவ்வாய், வியாழன், ஞாயிறு. இதில் செவ்வாய்க்கிழமை கவுச்சி சேர்க்காத வீடுகளுக்கு மூன்றில் ஒன்று அப்படியே போச்சு. மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன்தான். புயல் எச்சரிக்கை என்றால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. வேலைநிறுத்தம் என்றால் வாரக்கணக்கில் படகு நங்கூரத்தில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடை.

போதாக்குறைக்குக் காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வரத்து குறையும், வடகடலான பாக் நீரிணையில் தேவிபட்டினம், தொண்டி பரவாயில்லை. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று பிறந்தால் கதை தலைகீழ். ஒரே மாவட்டத்தில் இரண்டு கடல் இருக்கும்போது ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்? எழுதிவிட்டோமே என்று வரத்தில்லாத நாளில் பாறை மீனோ சீலா மீனோ வாங்கினால் வாரம் முழுக்கக் காய்கறியில் மிச்சம் பிடித்தது ஒரே காலையில் கரைந்துவிடும். மிச்சம் பிடிக்கத்தானே இந்தக் கட்டம் போட்டோம்?

மலிவாகக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை மூன்று கிலோ வாங்கி உறையவைத்தால் என்ன என்று தோன்றும். எல்லா மீனுக்கும் அது சரிவராது. சூடையும் நெத்திலியும் எண்ணெய் மீன். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்பெட்டியில் ஒரு வாரத்திலேயே சிக்கு வாடை வந்துவிடும். மின்வெட்டில் இளகி மறுபடி உறைந்தால் சதை பஞ்சாகும். கணவாயும் பாறைத் துண்டுகளும் ஓரளவு தாங்கும், தண்ணீர் வடித்து ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால். சூரையும் அயிலையும் ஐஸ் இல்லாமல் கிடந்தவையாக இருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். உடம்பெல்லாம் தடித்து அரிக்க வைக்கும் அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

உருப்படியாக வேலைசெய்த ஒரே வழி, மீனை எழுதாமல் குழம்பை மட்டும் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நூறு மில்லி நல்லெண்ணெயில் கால் கிலோ சின்ன வெங்காயம், கால் கிலோ தக்காளி வதக்கி, மேலே சொன்ன தூளில் ஆறு மேசைக்கரண்டி, 75 கிராம் புளியின் கெட்டிக் கரைசல் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை தொக்காகச் சுண்டவைக்க வேண்டும். உப்பு போடவே கூடாது. நான்கு பேர் வீட்டுக்கு மூன்று குழம்புக்கு வரும். ஃபிரிட்ஜில் ஐந்து நாள் நிற்கும்.

காலை எட்டு மணிக்கு மீன் விலை தெரிந்துவிடும். ஒரு வேளைக்கு இவ்வளவுதான் என்று முன்பே தீர்மானித்த தொகைக்குள் அமைந்தால் மீன். தொக்கில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு தம்ளர் தண்ணீர், உப்பு, கொதி வந்ததும் மீன். சூடைக்கு ஏழு எட்டு நிமிடம், பாறைக்குப் பத்து. அமையாவிட்டால் அதே குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றலாம், வதக்கிய கத்தரிக்காய் போடலாம், நூறு கிராம் நெத்திலிக் கருவாடு போடலாம். கருவாட்டைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து இரண்டு தண்ணீரில் அலசியிருந்தாலும் உப்பு இறங்கத்தான் செய்யும். முன்கூட்டியே தொக்கில் உப்பு இருந்தால் குழம்பு கரித்துக் கொட்டும். கருவாட்டை மாசி, பங்குனி வெயிலில் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி வையுங்கள். வாடைக் காலத்தில் வாங்கினால் ஈரம் ஏறிப் புழு வைக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மீனை எடைபோட்ட விலையில் ஒப்பிடாதீர்கள், கழுவிய எடையில் ஒப்பிடுங்கள். தலை, குடல் போனால் ஒரு கிலோ சூடையில் பாதிக்குச் சற்று மேல்தான் சட்டிக்கு வரும். நண்டில் வாய்க்கு வருவது அதைவிடக் குறைவு. விலை குறைவு என்று கூடையோடு நண்டு அள்ளுவது சிக்கனமில்லை, ஆசை. ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை, அதைச் சிக்கனக் கணக்கில் எழுதாதவரை.

ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்றால் இரண்டுதான். காய்கறி, தேங்காய், மாவு, மசாலா எல்லாவற்றிலும் காசு மிச்சமானது உண்மை. ஆனாலும் இரண்டுதான். வாரத்துக்கு மூன்று வேளை மீன் தின்னும் வீட்டில், அந்த மூன்று கட்டத்துக்கும் காலியாகவே கிடப்பதுதான் வேலை என்றால் அதற்கு எதற்கு அட்டவணை? இந்த வாரமும் வியாழன் கட்டத்தில் "குழம்பு" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. என்ன குழம்பு என்பது காலை எட்டு மணிக்கு.