இணையம் நின்றால்: அணைத்துப் போடுவதா, சோதித்துப் பார்ப்பதா?

வீட்டுக் கணினியில் இணையம் நின்றுவிட்டால் பெரும்பாலோர் கையில் எடுப்பது மூன்று வழிகளில் ஒன்று: ரவுட்டரை அணைத்துப் போடுவது, ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையால் படிப்படியாகச் சோதிப்பது, விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் நெட்வொர்க் ரீசெட்டை அழுத்துவது. மூன்றுக்கும் பலன் உண்டு. எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

அணைத்துப் போடுவதை மட்டமாக எண்ண வேண்டாம். ரவுட்டரும் ஒரு சிறு கணினிதான். வாரக்கணக்கில் ஓய்வின்றி ஓடும்போது அது சிக்கி நின்றுவிடுவது உண்டு. மின்சாரத்தை அரை நிமிடம் துண்டித்துப் போட்டால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஆனால் கோளாறு எங்கிருந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். மறுநாள் அதே தொல்லை வந்தால் மீண்டும் சுவிட்சுதான் கதி. ஆகவே அணைக்கும் முன் விளக்குகளை ஒரு பார்வை பாருங்கள். ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி சமிக்ஞையே வந்து சேரவில்லை என்று பொருள். கணினியில் என்ன செய்தாலும் பயனில்லை. சேவை நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். ஊசி நுழையும் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். அது ரவுட்டரில் பதிந்திருக்கும் அமைப்புகளையெல்லாம் அழித்துவிடும்.

என் ஓட்டு பிங்குக்கே. ஐந்து நிமிடம் போதும், எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரிந்துவிடும். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. முகவரி சரியாக இருந்தால், அதே திரையில் டீஃபால்ட் கேட்வே என்று காட்டும் எண்ணுக்கு, அதாவது உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு, பிங் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். பதில் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பதில் வந்தால் அடுத்து இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8. அங்கே மட்டும் பதில் இல்லையென்றால் சிக்கல் பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால். அதற்கும் பதில் வந்து, இணையதளங்கள் மட்டும் திறக்க மறுத்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கலாம். நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை கிளவுட்ஃபிளேரின் பொது டிஎன்எஸ்ஸான 1.1.1.1 என்று மாற்றினால் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேட்வேயிலிருந்து வரும் பதிலின் நேரத்தையும் கவனியுங்கள். சில மில்லிவினாடிகளில் வர வேண்டியது 300, 400 என்று தாவினால் வைஃபைதான் தடுமாறுகிறது. லேன் கேபிளைச் செருகிப் பார்த்தால் உறுதியாகிவிடும். அந்தக் கேபிளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அதற்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கே போதும், 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் இணைப்பு இருக்கும், வேகம் மட்டும் 100இல் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் நல்ல ரவுட்டரைத் தூக்கிப் போடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நெட்வொர்க் ரீசெட் கடைசி ஆயுதம். அது நெட்வொர்க் அடாப்டர்களை நீக்கி மீண்டும் நிறுவும்; சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும், இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் மென்பொருளையும் மறுபடி அமைக்க நேரலாம். அதே வைஃபையில் கைப்பேசி நன்றாக இயங்கி, இந்தக் கணினி மட்டும் அடம்பிடித்தால்தான் இதற்கு நியாயம் உண்டு. கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள், இல்லையென்றால் ஏமாந்துபோவீர்கள். அப்போதும் விபிஎன்னை ஒருமுறை நிறுத்திப் பார்த்த பிறகே ரீசெட்.

சேவை நிறுவனத்தை அழைக்க நேர்ந்தாலும் பிங் செய்தவருக்கே அனுகூலம். “நெட் வரவில்லை” என்றால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். “கேட்வே பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை, கேபிளிலும் அப்படித்தான்” என்று சொல்லுங்கள், லைனைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கும்.