சித்தப்பாவின் கையெழுத்தா, எங்கள் சேமிப்பா?

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவர் மனைவியையோ கணவரையோ கிரீன் கார்டில் அழைத்துவர, வருபவரைப் பண விஷயத்தில் தாங்குவேன் என்று உறுதி தரும் ஐ-864 படிவத்தில் வருமானம் காட்டியாக வேண்டும். வறுமைக் கோட்டு வரம்பில் 125 சதவீதம். 2025 கணக்குப்படி இருவர் உள்ள குடும்பத்துக்கு 26,437 டாலர். என் மனைவியை அழைக்க முயன்றபோது நான் படித்துக்கொண்டே பகுதி நேர வேலை பார்த்தேன், ஆண்டுக்கு 17,000 டாலர்தான் வந்தது. 9,437 டாலர் துண்டு விழுந்தது.

நல்ல சம்பளத்தில் புது வேலை கிடைத்தால் கவலையே இல்லை. குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பது இப்போதைய ஆண்டு வருமானத்தை. போன வருட வரிக் கணக்கு குறைவாக இருந்தாலும், வேலைக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் பேசும். எனக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்ததால் அது கைகொடுக்கவில்லை. ஒரே வீட்டில் வசிக்கும் உறவினரின் வருமானத்தை ஐ-864ஏ என்ற துணைப் படிவம் வழியாகச் சேர்க்கலாம், ஆனால் நான் தனியாக இருந்தேன். மிஞ்சியது இரண்டு வழி: ஜாயிண்ட் ஸ்பான்சர் (தன் வருமானத்தைக் காட்டி அதே பொறுப்பை ஏற்கும் இன்னொருவர்) அல்லது சேமிப்பு.

டல்லாஸில் இருக்கும் சித்தப்பா கேட்டவுடனே சரி என்றார். "ஒரு கையெழுத்துதானேப்பா, அனுப்பு." வேலை என்று பார்த்தால் அதுதான் சுலபம். அவருடைய வரிக் கணக்கு, குடியுரிமைச் சான்று, சம்பள விவரம் போதும். ஜாயிண்ட் ஸ்பான்சர் இருந்தாலும் நானும் தனியாக ஓர் ஐ-864 போட வேண்டும் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் அந்தக் கையெழுத்து எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்த்தபோதுதான் நான் பின்வாங்கினேன். என் மனைவி குடியுரிமை பெறும் வரை, அல்லது வேலைக் கணக்கில் 40 காலாண்டு (சுமார் பத்து வருட வேலை) சேரும் வரை அது சித்தப்பாவைக் கட்டும். அவள் நாட்டை விட்டு நிரந்தரமாகப் போய்விட்டாலோ, இருவரில் ஒருவர் இறந்தாலோ முடியும். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு முடியாது. அவள் வருமானத் தகுதி பார்த்துத் தரப்படும் அரசு உதவி எதையாவது பெற்றால், அந்தப் பணத்தை அவரிடம் திருப்பிக் கேட்கலாம். அவர் வீடு மாறினால்கூட 30 நாளுக்குள் ஐ-865 என்ற முகவரி மாற்றப் படிவம் மூலம் தெரிவிக்க வேண்டும்.

இதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. சித்தப்பா பாட்டியை அழைத்துவர நினைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கையெழுத்துப் போட்டால், அந்தப் பொறுப்பு முடியும் வரை என் மனைவி அவருடைய குடும்ப எண்ணிக்கையில் ஒரு தலை. அவர், சித்தி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் இவள்: ஐந்து பேர். அதற்கு 47,062 டாலர் போதும். அவருடைய வருமானம் 50,000, சித்தி வேலைக்குப் போவதில்லை. எங்களுக்குத் தாராளமாகத் தேறும். ஆனால் பாட்டிக்குப் போடும்போது ஆறு பேர் ஆகிவிடும், வரம்பு 53,937. எங்களுக்கு உதவியதற்காக அவர் தன் அம்மாவை அழைக்க இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டி வரும். அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் சேமிப்பு. குடிமகனின் துணைக்கு, துண்டு விழும் தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து காட்டினால் போதும்: 28,311 டாலர். ஸ்பான்சர் கிரீன் கார்டுதாரர் என்றால் ஐந்து மடங்கு, 47,185 ஆகிவிடும். வரப்போகிறவரின் சொத்தும் கணக்கில் சேரும் என்பதுதான் எங்களைக் காப்பாற்றியது. என்னிடம் 15,000 இருந்தது, மனைவி பெயரில் மதுரையில் இருந்த எஃப்.டி. மீதியை நிரப்பியது.

அந்த எஃப்.டி.க்குக் கடிதம் வாங்கத்தான் அலைச்சல். வங்கியில் முதலில் இன்றைய இருப்பை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். கடந்த ஓராண்டில் எவ்வளவு போட்டது, எவ்வளவு எடுத்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றும் வேண்டும். இரண்டாம் முறை அவள் அந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாள். மேலாளர் லெட்டர்ஹெட்டில் அடித்து, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வீட்டைக் காட்டுவது நாங்கள் போகாத வழி. மதிப்பீட்டுச் சான்று வாங்கி, கடனைக் கழித்து, ஓராண்டுக்குள் காசாக்க முடியும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் சொல்ல முடியும். வருமானமே இல்லாதவருக்குச் சேமிப்பு வழி கடினம். முழு வரம்புக்கும் மூன்று மடங்கு, 2025 கணக்கில் 79,311 டாலர், எல்லோரிடமும் இருக்காது. அவர்கள் ஜாயிண்ட் ஸ்பான்சரிடம்தான் போக வேண்டும். ஆனால் கையெழுத்துக் கேட்கும் முன் அவர் பின்னால் யாரை அழைக்கப்போகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாட்டிக்கான ஐ-864-ஐ சித்தப்பா நிரப்பும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். குடும்ப எண்ணிக்கைக் கட்டத்தில் 5 என்று எழுதினார். அவருடைய சம்பளமே போதுமானதாக இருந்தது.