9 வருடம், ஒரே பிராட்பேண்ட்: இணைப்பு அருமை, பில்தான் எரிச்சல்

போன வாரம் நண்பர் ஒருவர், "நீ வெச்சிருக்கிற பிராட்பேண்ட் எப்படி, எடுக்கலாமா?" என்று கேட்டார். "கண்ணை மூடிக்கிட்டு எடு" என்றேன். சொன்ன கையோடு வயிறு எரிந்தது.

வேகம், டேட்டா அளவெல்லாம் அவர்கள் ஆப்பிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். 9 வருடத்தில் இணைப்பைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போகும். புகார் கொடுத்தால் மறுநாளுக்குள் ஆள் வந்துவிடுவார். ஊரே படம் பார்க்கிற ராத்திரி நேரத்தில்கூடத் திணறியதில்லை.

பில் கட்டும்போதுதான் எரிச்சல். ஆப்பைத் திறந்தால் என் பில்லுக்கு மேலேயே ஒரு விளம்பரம் பளபளக்கும்: இதே வேகம், புது ரௌட்டர் இலவசம், நான் கட்டுவதில் கிட்டத்தட்ட பாதி. கீழே பொடி எழுத்தில் 'புதிய இணைப்புகளுக்கு மட்டும்'. மாதாமாதம் இதைத் தாண்டிப் போய்த்தான் நான் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும்.

போன மாதம் ரௌட்டர் செத்துப்போனது. வந்த டெக்னீஷியன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை மாத்தினா காசு சார். பேசாம மேடம் பேர்ல புதுசா ஒரு கனெக்‌ஷன் எடுத்துடுங்க. ரௌட்டர் ஃப்ரீ, பில்லும் பாதி. நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க" என்றார்.

எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நேராகவே கேட்டுப் பார்ப்போம் என்று போன் செய்தேன். புகாருக்கான எண்ணை அழுத்தினால் இருபது நிமிடம் பாட்டு. வைத்துவிட்டு 'இணைப்பைத் துண்டிக்க' என்ற எண்ணை அழுத்தினேன். இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டார்கள்! குரலில் தேன். மூன்று மாதத்துக்குப் பத்து சதவீதம் குறைக்கிறேன் என்றார் அந்தப் பெண். "வேண்டாம், துண்டித்துவிடுங்கள்" என்றதும் அது இருபது சதவீதம், ஆறு மாதம் என்று ஆனது. ஆக, தள்ளுபடி அவர்கள் மேஜையிலேயே இருந்திருக்கிறது. மிரட்டியவருக்குத்தான் கிடைக்கும், வாய் பேசாமல் கட்டுகிறவர் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவர்கள் பக்கக் கணக்கும் புரியாமல் இல்லை. புது ஆளைப் பிடிக்க விளம்பரம், கமிஷன், கேபிள் இழுக்கிற செலவு. பழைய ஆள் அசைய மாட்டார் என்று தெரியும். முதல் வருடம் விட்டதை அடுத்தடுத்த வருடங்களில் எடுத்துவிடுவார்கள். 9 வருடத்துக்கு முன் நானும் அந்தப் பாதி விலையில்தான் உள்ளே வந்தேன். என் பங்கை அன்றைக்கு எந்தப் பழைய வாடிக்கையாளர் சுமந்தாரோ, அப்போது எனக்கு நியாயம் எதுவும் உறைக்கவில்லை.

பிரிட்டனில் இதற்கு 'விசுவாச அபராதம்' என்றே பெயர். அங்கே 2018-இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பு, மொபைல், பிராட்பேண்ட், சேமிப்புக் கணக்கு, வீட்டுக் காப்பீடு, வீட்டுக் கடன் என ஐந்து சந்தைகளைக் குறிப்பிட்டுப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2022 ஜனவரி 1 முதல் வீடு, வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, அதே ஆள் புதிதாக வந்தால் என்ன விலையோ அதைத் தாண்டிக் கேட்கக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. புது ஆளைப் பிடிக்கப் போடும் கட்டுபடியாகாத தூண்டில் விலைச் சலுகைகள் இனி குறையும் என்றும் அங்கே காப்பீட்டைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு அப்போதே சொன்னது. குறையட்டுமே. ஆனால் அந்த விதி காப்பீட்டோடு சரி, பிராட்பேண்டுக்கு இல்லை.

கடைசியில் கௌரவத்தை ஓரம் கட்டிவிட்டு மனைவி பெயரில் எடுத்தேன். அதே டெக்னீஷியன் வந்தார், சுவரில் அதே ஓட்டை, அதே கேபிள். பழைய ரௌட்டரைக் கழற்றிப் புதியதைச் சொருகினார், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சாயந்திரம் மனைவிக்கு எஸ்எம்எஸ்: 'எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்'. எனக்கும் ஒன்று வந்தது: 'எங்களை விட்டு ஏன் பிரிகிறீர்கள்? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுங்கள்'. எதற்கு மதிப்பெண் கேட்கிறார்கள் என்று புரியாமலே ஒன்று போட்டேன்.

இணைப்புக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகத் தரலாம். நண்பரிடம் மறுபடியும் எடுக்கத்தான் சொல்லியிருக்கிறேன். எடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, பதினோராவது மாதம் அடுத்து யார் பெயர் என்று யோசிக்கச் சொன்னேன். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா பெயர் இருக்கிறது.