ஒரே சி.பி.யூ, பன்னிரண்டு வருஷம், நாலு கார்டு

மன்னார்குடியில் சின்ன டி.டி.பி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட வினாத்தாள், ரைஸ்மில் பில் என்று எது வந்தாலும் அடிப்போம். 2013-இல் அசெம்பிள் செய்து வாங்கிய சி.பி.யூ ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எச்61 மதர்போர்டு, ஐ3 பிராசசர். வாங்கியபோது அதில் தனிக் கார்டு, அதாவது மதர்போர்டில் கூடுதலாகச் செருகும் சின்னப் பலகை, ஒன்றும் கிடையாது. அப்புறம் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் மாட்டுவது), யு.எஸ்.பி 3.0, லேன் (நெட் ஒயர் மாட்டுவது), கிராபிக்ஸ் (மானிட்டருக்குப் படம் தருவது) என்று நாலு கார்டுகள் உள்ளே போயின. அதில் இரண்டு வெளியே வந்தன, ஒன்று திரும்பவும் உள்ளே போனது. இதில் ஏதோ ஒரு கார்டு "செத்துப்போச்சு" என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தது மூன்று தடவை. மூன்று தடவையும் கார்டு சாகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஸ்லாட், அதாவது கார்டு செருகும் பள்ளம், அதன் கதை. என் போர்டில் நாலு. நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஒன்று, குட்டியாக எக்ஸ்1 இரண்டு, ஓரத்தில் பழைய பிசிஐ ஒன்று. 1992-இல் வந்த பிசிஐயும் 2003-இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸும் பெயரில்தான் சொந்தக்காரர்கள். ஒன்றின் கார்டு இன்னொன்றில் நுழையாது. எக்ஸ்பிரஸுக்குள் மட்டும் சலுகை உண்டு. குட்டி எக்ஸ்1 கார்டை நீள ஸ்லாட்டில் செருகினாலும் வேலை செய்யும். வாங்கும் முன்னால் கேபினட்டைத் திறந்து எந்த ஸ்லாட் காலி என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஒரு பஸ் செலவு மிச்சம்.

முதல் கார்டு பேரலல் போர்ட், பிசிஐ. ரைஸ்மில்காரருடைய பில் புரோகிராம் டாஸ் காலத்தது. ரிப்பனில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில்தான் அடிக்கும், அதுவும் எல்பிடி1 என்ற பெயருள்ள பிரிண்டர் போர்ட்டுக்கு மட்டும். புதுக் கார்டை விண்டோஸ் எல்பிடி3 என்று காட்டியது. மாட்டியிருப்பதையெல்லாம் விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் செட்டிங்ஸுக்குள் போய் நம்பரை மாற்றினால் போதும் என்று தெரிய எனக்கு அரை நாள் ஆனது.

பில் அடித்தது. மறுநாள் காலையில் கார்டையே காணோம். டிவைஸ் மேனேஜரில் பெயர்கூட இல்லை. கார்டு போச்சு என்று கழட்டிக்கொண்டு ஹார்டுவேர் கடை அண்ணனிடம் போனேன். அவர் தன் மெஷினில் போட்டார், வந்தது. "உங்க கேபினட்டைக் கொண்டாங்க தம்பி" என்றார். கொண்டுபோனேன். கார்டைச் செருகிவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். கார்டின் காலில், ஸ்லாட்டுக்குள் இறங்கும் அந்தத் தங்கக்கலர் விளிம்பு, மேலே ஒரு நூல் அளவுகூடத் தெரியவில்லை, நேராக உட்கார்ந்திருந்தது. பிறகு பின்பக்க ஸ்க்ரூவை முறுக்கினார். முறுக்க முறுக்க கார்டின் வால் பக்கம், அதாவது ஸ்க்ரூவுக்கு எதிர் முனை, மெல்ல எழும்பியது; அங்கே தங்கக்கோடு தெரிய ஆரம்பித்தது. விலை குறைந்த கேபினட், மெல்லிய தகடு. கார்டைக் கேபினட்டோடு பிணைக்கும் பிராக்கெட்டுக்குக் கீழே இருக்கும் நாக்கு, போர்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் இறங்காமல் தகட்டின் மேல் முட்டிக்கொண்டு நின்றது. ஸ்க்ரூ தலைப்பக்கத்தை அமுக்க, வால் தூக்கிக்கொண்டது. கட்டிலில் ஒரு பக்கம் ஆள் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்புமே, அது மாதிரி.

கட்டிங் பிளேயரால் நாக்கை இம்மியளவு வளைத்தார், தீர்ந்தது. அன்றிலிருந்து எந்தக் கார்டு போட்டாலும் வால் பக்கத்தை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஸ்க்ரூ முறுக்குகிறேன். முறுக்கியபின் டார்ச் அடித்து அந்தத் தங்கக்கோட்டை இன்னொரு தடவை பார்ப்பேன்.

யு.எஸ்.பி 3.0 கார்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஸ்டூடியோ பையன்கள் கல்யாணப் போட்டோவை ஹார்டுடிஸ்கில் கொண்டுவருவார்கள், அறுபது ஜி.பி இருக்கும். பழைய போர்ட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தது பத்துப் பன்னிரண்டு நிமிஷமானது. ஒன்றே ஒன்று: கார்டில் எஸ்.எம்.பி.எஸ் (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) ஒயர் மாட்ட இடம் இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் பென்டிரைவ் வேலை செய்யும், ஹார்டுடிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நிற்கும். நாம் பாவம் ஹார்டுடிஸ்கைச் சந்தேகப்படுவோம்.

2016 ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல இடி. யு.பி.எஸ் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மின்னல் கரண்ட் வழியாக வரவில்லை. டெலிபோன் ஒயரில் வந்து மோடத்தைத் தின்று, லேன் ஒயர் வழியாகப் போர்டின் லேன் போர்ட்டையும் தின்றுவிட்டது. நிஜமாகவே செத்தது இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அது ஒன்றுதான், அதுவும் கார்டு இல்லை. மழைக்காலத்தில் பிளக்கைப் பிடுங்குகிறோம், லேன் ஒயரை மறந்துவிடுகிறோம். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங்கில் போர்டின் லேனை அணைத்துவிட்டு எக்ஸ்1 லேன் கார்டு ஒன்று போட்டேன். மெஷினின் நெட்வொர்க் முகவரியான பழைய ஐ.பி நம்பரையே கொடுக்கப் போனால், இந்த நம்பர் வேறொரு அடாப்டருக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று விண்டோஸ் அடம்பிடித்தது. செத்த போர்ட்டின் பெயரில் பட்டா இன்னும் மாறவில்லை! டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் டிவைஸ்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரிந்த பழையதை அன்இன்ஸ்டால் செய்தபின்தான் வழிக்கு வந்தது.

2018 கோடையில் ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு. முப்பது வாட்தான் தின்னும்; ஸ்லாட்டே எழுபத்தைந்து வாட் வரை கொடுக்கும் என்பதால் தனிப் பவர் ஒயர் வேண்டாம். என் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு அதுதான் தாங்கும். ஃபேன் இல்லாத மாடல் என்பதால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தடிமன். பக்கத்து எக்ஸ்1 ஸ்லாட்டையும் மறைத்துக்கொண்டது. மிச்சம் ஒரு எக்ஸ்1, அதற்கு யு.எஸ்.பி, லேன் என்று இரண்டு கார்டுகள். லேன் கார்டைக் கழட்டி அதன் வெள்ளிக் கவரில் போட்டு மேஜை அறையில் வைத்துவிட்டு, நெட்டுக்கு யு.எஸ்.பி லேன் அடாப்டர் ஒன்று வாங்கினேன். வாங்கும் முன் தடிமனைப் பார்க்காதது என் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு, அதே கார்டைத் தூசி தட்டக் கழட்டியபோது நடந்தது. எக்ஸ்16 ஸ்லாட்டின் வாலில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அதை அமுக்காமல் இழுத்தேன். டப். கொக்கி கையோடு வந்துவிட்டது. கை நுழையாத இடம் அது. மர ஸ்கேல் முனையால் அமுக்கலாம் என்று பிறகுதான் யோசனை வந்தது.

கொக்கி இல்லாவிட்டாலும் கார்டு ஓடும், அதனால் விட்டுவிட்டேன். அந்த வருஷம் நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. தென்னை சாய்ந்த கணக்கே இல்லை. கரண்ட் கம்பமும் அப்படித்தான். எப்போது கரண்ட் வரும் என்று யாருக்கும் தெரியாது. பாதியில் நின்ற வேலைகள் கையில் இருந்தன. சி.பி.யூவைப் பழைய போர்வையில் சுற்றி டி.வி.எஸ் எக்ஸ்.எல்லில் முன்னால் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் மச்சான் வீட்டுக்குப் போனேன். ரோடு முழுக்க மரம், ஏற்றி இறக்கித்தான் ஓட்ட வேண்டும். போய் மாட்டினால் மானிட்டர் இருட்டு.

"கார்டு போயிடுச்சு மாப்ள" என்றேன். "இருங்க மச்சான், வேற ஓட்டையில சொருகிப் பாப்போம்" என்று அவன் மானிட்டர் கேபிளைப் போர்டின் சொந்த மானிட்டர் ஓட்டையில் மாட்டினான். படம் வந்தது! கார்டு சரியாக உட்கார்ந்திருந்தால் என் போர்டு தன் சொந்த ஓட்டையில் படம் தராது. ஆக, கார்டு இருப்பதே அதற்குத் தெரியவில்லை. திறந்து பார்த்தால் அதே தங்கக்கோடு, இந்தத் தடவை ஒரு அரிசி அளவு. பிடிக்கக் கொக்கி இல்லாததால் வழியில் நகர்ந்திருக்கிறது. கழட்டி மாட்டினோம், வந்துவிட்டது. திரும்பும்போது கார்டைத் தனியாகக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

மூன்றாவது பயம் போன வருஷம். டிசைன் வேலைக்குப் புது மெஷின் வாங்கி, ஜிடி 1030-ஐ அதற்கு மாற்றினேன். டிரைவரை முதலில் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அமுக்கி, போர்டில் எரியும் குட்டி லைட் அணைந்தபின் கழட்டினேன். கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் கார்டைத் தொடுவேன். ஏசி இல்லாத கடை, சிமென்ட் தரை, பிசுபிசுக்கும் காற்று. உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் கரண்டால் எனக்கு எதுவும் போனதில்லை, ஆனாலும் பழக்கம். இப்போது எக்ஸ்1 காலியாகிவிட்டதே என்று ஆறு வருஷமாக மேஜையில் கிடந்த லேன் கார்டை எடுத்துப் போட்டேன். லைட்கூட எரியவில்லை. இதுவும் செத்துப்போச்சு என்று நினைத்தேன்.

நம்ம ஊர் காற்றுக்கு இது புதுசில்லை. தை, மாசியில் அறுப்பு மெஷின் கிளப்பும் தூசும் சுணையும். ஐப்பசி, கார்த்திகையில் பேப்பரே நமத்துப்போகும் ஈரம். இரண்டும் சேர்ந்து கார்டின் காலில் கண்ணுக்குத் தெரியாத படலமாகிவிடும். முன்பெல்லாம் பென்சில் ரப்பரால் தேய்ப்பேன். "மேல இருக்கிறது முலாம்தான் தம்பி, தேய்ச்சா அதுவும் போயிடும்" என்று அண்ணன் திட்டியதிலிருந்து ஐசோபிரொப்பைல் ஆல்கஹால்தான், கண்ணாடி துடைக்கும் துணியில் தொட்டு ஒரே திசையில். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயர் போதும். துடைத்த துணியில் பழுப்பாக ஒரு கோடு. காயவிட்டுப் போட்டேன், பச்சை லைட் சிமிட்டியது.

கார்டு எடுத்த இடத்தில் பின்னால் ஓட்டை விழும். என் கேபினட்டில் மூடித்தகடு பிய்த்தெடுக்கும் வகை, திரும்ப மாட்ட முடியாது. கிராபிக்ஸ் கார்டு எடுத்த ஓட்டையை நான் சும்மா விட்ட இரண்டு மாதத்தில் பல்லி உள்ளே போய் எஸ்.எம்.பி.எஸ் சூட்டில் முட்டை வைத்திருந்தது. கடையில் ஃபிளெக்ஸ் துண்டுக்கா பஞ்சம்? ஒன்றை வெட்டி டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதி மீசை தெரிகிறது.

புது மெஷின் 64 பிட் விண்டோஸ், அதில் அந்த டாஸ் புரோகிராம் ஓடாது. ரைஸ்மில்காரர் டாட் மேட்ரிக்ஸை விடுகிற வரைக்கும் பழைய பெட்டியும் பேரலல் கார்டும் அந்த மூலையில் இருக்கும். போன வாரம் கேட்டேன். புது ரிப்பன் இரண்டு வாங்கி வைத்திருக்கிறாராம்.