தோட்டத்து வீட்டுக்கு ஏர்ஃபைபர்: பதினொரு மாதம் ஓட்டிய பிறகு

எங்கள் தோட்டத்து வீடு குடிமங்கலம் பக்கம், தார் ரோட்டிலிருந்து இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடத்தில், ஒன்றேகால் கிலோமீட்டர் உள்ளே. சுற்றிலும் தென்னை, அதற்கு அந்தப்பக்கம் காற்றாலை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுக் கொடுப்பது என் வேலை, நெட் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

முன்னால் கேபிள்காரர் மூலம் ஃபைபர் வைத்திருந்தேன். வேகத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த வயர் இட்டேரி நெடுக ஈபி கம்பத்திலும் தென்னையிலும் மாறிமாறித் தொங்கிக்கொண்டு வரவேண்டும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஒரு மட்டை விழுந்தால் அறுந்துவிடும், மட்டை விழாவிட்டால் தேங்காய் லோடு வண்டி இழுத்துவிடும், இல்லையென்றால் அணில் கடித்துவிடும். போன வருஷம் ஆடியில் மட்டும் நான்கு தடவை. ஒட்ட ஆள் வர இரண்டு மூன்று நாள். ஒரே ஒரு வீட்டுக்காக அவரும் எத்தனை தடவைதான் வருவார், அவர்மேல் கோபமில்லை.

அதனால்தான் 5ஜி ஏர்ஃபைபர். மொட்டை மாடியில் மாட்டும் ஒரு டப்பா, செல்போன் டவரிலிருந்து சிக்னலை வாங்கி லேன் கேபிள் வழியாக வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்குக் கொடுக்கிறது, அந்த டப்பாவுக்குக் கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது. இந்த மாதிரி யோசனை புதிதில்லை. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற தொழில்நுட்பம், வயர் இல்லாமல் 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் மதுரை மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு நெட் கொடுத்தது. அப்போதும் ஆன்டெனாவுக்கும் டவருக்கும் நடுவில் மறைப்பு இருக்கக்கூடாது, இப்போதும் அதே கதைதான்.

மாட்ட வந்த தம்பி தண்ணீர்த் தொட்டி ஓரம் கிளாம்ப் அடித்துவிட்டுப் போய்விட்டார். சிக்னல் மைனஸ் 108 (மைனஸ் எண் சின்னதாக ஆக ஆக சிக்னல் நல்லது), வேகம் 30 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. டவருக்கும் எங்களுக்கும் நடுவில் நாற்பது தென்னை நிற்கிறது! மறுபடி கூப்பிட்டு வரவைத்தபோது, "மேல தூக்குனாத்தானுங்க ஆகும்ணா" என்று நெற்றியைச் சொறிந்தார். அப்போது அம்மாதான் சொன்னது, "களத்துப் பக்கம் மரமே இல்லையே கண்ணு, அங்க வெச்சுப் பாரு." களத்து ஓரம் 20 அடி ஜிஐ பைப் நட்டு, காற்றுக்கு அசையாமல் மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். செலவு 4,200, என் கையிலிருந்து. சிக்னல் மைனஸ் 87 ஆனது, 100 எம்பிபிஎஸ் பிளானில் பகலில் 95 வருகிறது.

மழை பெய்தால் நெட் நின்றுவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மழை பெரிய தடையில்லை, நனைந்த ஓலைதான் தடை. டப்பாவுக்கு எதிரே மரம் இல்லையென்றால் கவலை வேண்டாம். ஆனால் இடி இடித்தால் லேன் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், ஃபைபர் மாதிரி இல்லை, இது செம்புக் கம்பி, மின்னல் அதன் வழியே வீட்டுக்குள் பாயலாம்.

சரி, குறைகள். சாயங்காலம் 7 முதல் 10 வரை டவரில் எல்லோரும் ஏறிக்கொள்வதால் வேகம் 40-க்கு வந்துவிடும். அப்லோடு 15-தான், ஏனென்றால் 5ஜியில் டவுன்லோடுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குகிறார்கள், 2 ஜிபி டிசைன் ஃபைல் அனுப்ப இருபது நிமிஷம் ஆகிறது. பிங், அதாவது ஒரு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், ஃபைபரில் 7 மில்லிசெகண்ட் இருந்தது, இங்கே 35. மாதம் 1,000 ஜிபி அளவு எங்களுக்குப் போதும். மாட்டுக் கட்டுத்தரை கேமராவைப் பழையபடி ஐபி முகவரி போட்டு வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால் அப்படி. கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பார்க்கலாம், அதில் சிக்கல் இல்லை.

ஊருக்குள் வீடு, வாசல்வரை ஃபைபர் வருகிறது என்றால் ஃபைபரே எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். தோட்டத்துக்குள் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் அதே கம்பெனி சிம் போட்ட 5ஜி போனோடு மாடியிலும் களத்திலும் ஏறி இறங்கி, காலையில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை வேகம் பாருங்கள். ரவுட்டருக்கும் வெளியே மாட்டும் டப்பாவுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

இந்த ஆடியில் எனக்கு நெட் நின்றது ஒரே தடவை, சுற்று வட்டாரம் முழுக்கக் கரண்ட் போய் டவரும் படுத்த ராத்திரி, மூன்று மணி நேரம். பைப்பின் கம்பியை இரண்டு தடவை இறுக்கிக் கட்டினேன், அவ்வளவுதான்.