ட்ரோலிங் படகுக்குப் பணம் கட்டுவதற்கு முன் வேகத்தைப் பற்றிக் கேளுங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் கொழும்பில் ட்ரோலிங் படகு (ஓடும்போதே பின்னால் தூண்டிலை இழுத்து மீன் பிடிக்கும் படகு) தேடத் தொடங்கும் நண்பர்களுக்காக, ஒரு படகுக்காரரிடம் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். அறக்குளாவுக்கும் பாரைக்கும் ஏற்ற லூர்கள் (செயற்கை இரைகள்) தருவதாகச் சொல்லி முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிய அவர், கல்கிசைக்கு அப்பால் சென்றதும் ஆழத்தில் நீந்தும் மீன் வடிவ லூர், குஞ்சம் கட்டிய மேல்மட்ட லூர், கரண்டி வடிவ உலோக லூரான ஸ்பூன் ஆகிய மூன்றையும் ஒன்றாக இறக்கிவிட்டு, படகை 9 நொட் வேகத்தில் ஓட்டினார்.

அந்த வேகம் குஞ்ச லூருக்கு மட்டுமே பொருந்தும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர், குஞ்ச லூருக்குப் பொதுவாக 6 முதல் 9 நொட் வரையும், சாதாரண மீன் வடிவ லூருக்கு 4 முதல் 6 வரையும் போதும், ஸ்பூனுக்கு அதனினும் குறைவாக வேண்டும். அதிவேகத்துக்கென்றே செய்யப்பட்ட மீன் வடிவ லூர்களும் உண்டு, ஆனால் எங்களுக்குத் தரப்பட்டவை அவையல்ல. முகப்பில் தகடு பொருத்திய எங்கள் மீன் வடிவ லூர், நீரைக் கிழித்து மூழ்குவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் புரண்டு மேலே துள்ளியது. ஸ்பூன் ஓயாமல் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கியதால், சற்றுத் தளர்த்தியவுடனேயே தூண்டில் நுனியில் அது சுருள் சுருளாகச் சிக்கிக்கொண்டது. வேகத்தைக் குறைக்குமாறு கேட்டபோது, “மீன் இருந்தா எந்த வேகத்திலயும் கடிக்கும் தம்பி” என்றார். அவருடைய அவசரத்தின் காரணம், கரையில் அடுத்த குழு காத்து நின்றதைக் கண்டபோதுதான் விளங்கியது. முறுக்கேறி அறுந்த நரம்போடு போன லூருக்கும் எங்களிடமே விலை கேட்டு வாங்கினார். இதை ஏமாற்று என்றே சொல்வேன்.

ஆகவே, எந்த லூரை எந்த வேகத்தில் இழுப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பலவகை லூர்களைச் சேர்த்து இழுப்பதானால், அவற்றில் மெதுவானதற்கே வேகத்தைப் பொருத்த வேண்டும். ஜீபிஎஸ் காட்டும் வேகத்தை மட்டும் நம்பவும் வேண்டாம், ஏனெனில் 2 நொட் நீரோட்டத்தை எதிர்த்து ஜீபிஎஸ்ஸில் 6 காட்டினால் லூர் நீரில் 8 நொட்டில் இழுபடுகிறது, அதே நீரோட்டத்தோடு போனால் 4 மட்டுமே. தூண்டில் நுனி சீராகத் துடிக்கிறதா என்று பாருங்கள். துடிப்பு நின்றாலோ விட்டுவிட்டு உதறினாலோ வேகத்தை மாற்றச் சொல்லும் உரிமை பணம் கட்டிய உங்களுக்கு உண்டு. லூர் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதையும், கடலில் இருக்கும் நேரத்தையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.