பாட்டையும் வீடியோவையும் தளத்தில் வைப்பது: டர்பனில் எங்கள் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், ஒரு கோயில் தமிழ் வகுப்பின் வலைத்தளத்தை, பாட்டும் வீடியோவும் அடோபியின் ஃப்ளாஷ் மென்பொருளில் ஓடிய காலத்திலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். பதிகங்கள், காவடிப் பாட்டு, பிள்ளைகளின் பேச்சு, திருவிழா வீடியோ என்று எல்லாம் அதில் இருக்கின்றன. இத்தனை வருடப் புழக்கத்தில் எனக்கு உறுதியானது இதுதான்: நம் பாட்டு நம் கோப்பாக, நம் தளத்திலேயே இருக்க வேண்டும். வெளித்தளங்களிலிருந்து எம்பெட் செய்வது, அதாவது அங்கே இருக்கும் வீடியோவை நம் பக்கத்துக்குள் காட்டுவது, அதற்குத் துணையாக இருந்தால் போதும்.

ஃப்ளாஷை நிறுத்தப்போவதாக அடோபி 2017லேயே அறிவித்துவிட்டது. அதனால் பாட்டுகளை நிதானமாக எம்பி3க்கு மாற்றினோம். 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு முடிந்தபோது எங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. எல்லோரும் அப்படி முன்கூட்டிச் சொல்வார்கள் என்று நம்ப முடியாது. ஒரு சமூக வலைத்தளத்திலிருந்து எம்பெட் செய்திருந்த காவடி வீடியோக்கள் திடீரென்று வெறும் சுட்டிகளாகிவிட்டன. அவர்கள் விதியை மாற்றியிருந்தார்கள். வீடியோ எடுத்த தம்பி மூலக் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் பிழைத்தோம்.

அடுத்தது டேட்டா செலவு. எங்கள் தளத்துக்கு வருபவர்களில் பலர் ப்ரீபெய்ட் டேட்டா போடும் ஆயாக்கள் (பாட்டிமார்). ஐந்து நிமிடப் பாட்டு 64 கேபிபிஎஸ் எம்பி3யாக இருந்தால் 2.4 எம்பிதான். அதையே 2 எம்பிபிஎஸ் வீடியோவாகக் கொடுத்தால் 75 எம்பி. பாட்டைக் கேட்க வந்தவரிடம் இவ்வளவு செலவு வைப்பது நியாயமே இல்லை. ஆகவே ஒலி முதலில், அதுவும் ப்ளே அழுத்தும் முன்பே கோப்பை இறக்கும் ப்ரீலோடை அணைத்துவிட்டு. வீடியோ அதற்குக் கீழே. பக்கத்திலேயே டவுன்லோட் சுட்டியும் உண்டு. லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு கடுமையாக இருந்த காலத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்து நெட் போய்விடும். போனில் இறக்கி வைத்த பாட்டு மட்டும் ஓடும்.

யூடியூப் எம்பெட் வசதியானதுதான். ஆனால் ஒரே பக்கத்தில் பத்து வீடியோ வைத்தால், யாரும் ப்ளே அழுத்தாமலே ஒவ்வொரு ஐஃப்ரேமும் (வீடியோ வரும் சட்டம்) தன் ஸ்கிரிப்டை இறக்கத் தொடங்கிவிடும். இப்போது முகப்புப் படத்தை மட்டும் காட்டுகிறோம். தொட்டால்தான் பிளேயர் வரும். சின்ன வேலைதான், ஆனால் பழைய போன்களில் பக்கம் சட்டென்று திறக்கிறது.

நான் மிகவும் மதிக்கும் வசதி வெப்விடிடி: பாட்டு ஓடும்போது அதன் வரிகளை நேரத்துக்கேற்பத் திரையில் காட்டும் கோப்பு வகை. இங்கே பிள்ளைகள் நன்றாகப் பாடுவார்கள், ஆனால் பலருக்குத் தமிழ் எழுத்து ஓடாது. ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் வரும். ஆகவே ஒரு பாட்டுக்கு இரண்டு வரிக் கோப்பு: ஒன்று தமிழ் எழுத்தில், ஒன்று ஆங்கில எழுத்தில். சாதாரண நோட்பேட் போதும். 00:00:12.000 --> 00:00:17.000 என்று நேரம், அதன் கீழே பாட்டு வரி. கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் குழம்பிவிடும். இன்னொன்று, வலைப்பக்கத்தில் ஒலியை வைக்கும் குறியான ஆடியோ டேக் இந்த வரிகளைத் திரையில் காட்டாது. அதே எம்பி3யை வீடியோ டேக்கில் கொடுத்து, சாமி படம் ஒன்றைப் போஸ்டராக, அதாவது முகப்புப் படமாக, வைத்தால், படத்தின் மேல் வரிகள் ஓடும். முதலில் ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துப் பாடிய பிள்ளைகள் சிலர் இப்போது தாங்களாகவே தமிழ் வரிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். இதற்காக எத்தனை இரவு வேண்டுமானாலும் உட்கார்ந்து நேரம் குறிக்கலாம்.

பிள்ளைகள் முகம் தெரியும் வீடியோ என்றால், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் கையில் இருந்தால்தான் போடுகிறோம். இங்கே தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. பிள்ளைகள் விவரத்துக்கு அதில் தனிக் கட்டுப்பாடு உண்டு.

நேரலைக்கு மட்டும் இன்றும் யூடியூபையே நம்பியிருக்கிறோம். தைப்பூசக் காவடியை ஜோகன்னஸ்பர்க்கிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்கள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால், எங்கள் மாதிரி சின்ன ஹோஸ்டிங் தாங்காது. முடிந்ததும் பதிவை இறக்கி, பாட்டுப் பகுதிகளை வெட்டி எம்பி3யாக்கி, நம் தளத்தில் ஏற்றிவிடுகிறோம்.